யூதப் பள்ளியில் செப்டம்பர்

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் யூதப் பள்ளி ஒன்றில் பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "மதம் மாத்திடுவாங்களா?" மாற்ற மாட்டார்கள். யூத மதம் ஆள் சேர்க்கும் மதமல்ல. தானாக மாற வருகிறவரையே நன்றாக யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும் மரபு அவர்களுடையது. பெரியவர்களுக்கு மரியாதை, சாப்பிடும் முன் நன்றி சொல்லும் ஒரு வரி, வெள்ளிக்கிழமை விளக்கு, படிப்பின் மேல் தீராத பிடிப்பு என்று பள்ளி சொல்லித்தருவதில் பாதி நம் வீட்டில் ஏற்கெனவே நடப்பதுதான். குடும்பங்கள் தடுமாறுவது நாட்காட்டியிலும் சாப்பாட்டு டப்பாவிலும்.

யூதரல்லாத பிள்ளைகள் அங்கே போவது புதுமையும் அல்ல. பர்மிங்ஹாமின் கிங் டேவிட் தொடக்கப் பள்ளியில் முஸ்லிம் மாணவர்களே பெரும்பான்மை. லிவர்பூலின் கிங் டேவிட் உயர்நிலைப் பள்ளியிலும் யூதரல்லாத பிள்ளைகளே அதிகம். அரசு நிதி பெறும் மதப் பள்ளியில் இடம் காலியாக இருந்தால், மதத்தைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்பது விதி. இடத்துக்கு அடிதடி இருக்கும் பள்ளிகளில்தான் மதம் கணக்கில் வரும். ஹாரோ, வெம்பிளி பக்கத்துத் தமிழர்கள் தினமும் கடந்து போகும் கென்டனின் ஜே.எஃப்.எஸ். என்ற யூதப் பள்ளி அப்படிப்பட்டது. 1732-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, கிழக்கு லண்டனில் வந்திறங்கிய யூதக் குடியேறிகளின் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் படிக்கவைத்து, 2002-இல் கென்டனுக்கு வந்த பள்ளி. தாய்வழிப் பிறப்பை வைத்து அது மாணவர்களைத் தேர்ந்தது இனப் பாகுபாடு என்று 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு யூதப் பள்ளிகள் பிறப்பை விட்டு, ஜெப ஆலய வருகை போன்ற நடைமுறைகளுக்குச் சான்றிதழ் கேட்கத் தொடங்கின. அந்தச் சான்றிதழுக்கான துணைப் படிவம் நமக்குப் பொருந்தாது. கவுன்சில் விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் போதும். இடம் ஒதுக்கும்போது நம்மைக் கடைசிப் பிரிவில் எண்ணுவார்கள். உயர்நிலைக்குக் கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. முதல் விருப்பமாகப் போட்டால் வாய்ப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது. நீங்கள் எந்த வரிசையில் போட்டீர்கள் என்பதைப் பள்ளி கணக்கில் எடுக்க முடியாது. ஆண்டின் நடுவில் நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள், காலியிடம் உண்டா என்று பள்ளியிலேயே நேராகக் கேட்கலாம்.

இனி நாட்காட்டி. எபிரேய மாதங்கள் நிலவை வைத்து ஓடுபவை. சூரியனோடு ஒட்டவைக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுவார்கள். தெலுங்கர்களின் அதிக மாசம் போல. அதனால் அவர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் தொடக்கத்துக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் நடுவே அலையும். புத்தாண்டு இரண்டு நாள், பத்தாம் நாள் யோம் கிப்பூர் உபவாசம், பதினைந்தாம் நாள் தொடங்கும் சுக்கோத் என்ற ஒரு வாரப் பண்டிகையின் முதல் இரண்டு நாள், அது முடியும்போது இன்னும் இரண்டு நாள் என்று புதுக் கல்வியாண்டு சூடு பிடிக்கும் முன்பே விடுமுறைகள் வரிசை கட்டும்.

எத்தனை வேலைநாள் போகும் என்பதைப் புத்தாண்டின் கிழமை சொல்லிவிடும். ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் தொடங்காதபடி நாட்காட்டி அமைந்திருக்கிறது. சனியில் தொடங்கினால் பண்டிகைகள் எல்லாம் வார இறுதியில் விழுந்து, யோம் கிப்பூர் திங்கள் ஒன்றுதான் வேலைநாள். மற்ற கிழமைகளில் ஆறு அல்லது ஏழு நாள். 2025-இல் அது செவ்வாயில் தொடங்கியதால் ஏழு நாள் போயிற்று. 2026-இல் செப்டம்பர் 12, சனி. 2027-இல் அக்டோபர் 2, அதுவும் சனி. 2028-இல் செப்டம்பர் 21, வியாழன். அந்த ஆண்டு விடுப்பை முன்கூட்டியே சேமித்து வையுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாளில் சில பள்ளிகள் சீக்கிரம் மூடும், சில முழுநாளும் மூடும். சுக்கோத்தின் நடுநாட்களில் திறக்காத பள்ளிகளும் உண்டு. ஆகஸ்ட்டிலேயே பள்ளியின் நாட்காட்டியை வாங்கி, உங்கள் ஷிப்ட் அட்டவணையின் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். மற்றப் பள்ளிகள் இயங்கும் நாட்களில் விடுமுறைக்கால முகாம்கள் இருக்காது. கைகொடுப்பது சைல்ட்மைண்டரோ ஊரிலிருந்து வந்த பாட்டியோதான்.

பண்டிகை ஆண்டுக்கு ஒருமுறை வரும், வெள்ளி மதியம் வாராவாரம் வரும். யூதர்களின் வார ஓய்வுநாளான ஷப்பாத் தொடங்குவது வெள்ளியன்று சூரியன் மறையும் முன். டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை 3.50-ஐ ஒட்டி இருட்டிவிடுகிறது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால், குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மதியம் ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் பள்ளி முடிந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதும் இது தொடங்குவது வழக்கம். ஆண்டு முழுக்கவே வெள்ளியன்று சீக்கிரம் விடும் பள்ளிகளும் இருக்கின்றன. அன்று மாலை வகுப்பும் கிடையாது. மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் தாய்மார்கள் வெள்ளியைத் தவிர்த்து ரோட்டா கேட்பதை செப்டம்பரிலேயே முடிக்க வேண்டும். நவம்பரில் கேட்டால் அந்த வரிசையில் பத்துப் பேர் நின்றிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரிசப்ஷன் என்ற தொடக்க வகுப்பு, முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு இங்கிலாந்து முழுவதும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளி முழுவதற்கும். சமையல் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி. "கோஷர்னா சைவம் மாதிரிதானே" என்று நினைப்பவர்கள் கவனிக்க: பன்றியும் இறாலும் நண்டும் இருக்காது, மாட்டிறைச்சி தாராளமாக இருக்கும். மாடு சாப்பிடாத வீடு என்றால் சேர்க்கைப் படிவத்தில் அதை எழுதுங்கள்; வாய்மொழியாகச் சொன்னது சமையலறை வரை போகாது.

டப்பா கட்டுகிறவர்களுக்கு முதல் விதி, இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. வெளி இறைச்சியையும் மீனையும் பெரும்பாலான பள்ளிகள் அடியோடு தடுக்கும். சிக்கல் தயிர்சாதத்தில் வரும். பள்ளிச் சமையலறை இறைச்சிச் சமையலறை என்றால் பால் கலந்த எதையும் அந்த மேசைக்குக் கொண்டுவர விடமாட்டார்கள்: தயிர்சாதம், நெய்த்தோசை, பனீர், பால்கோவா எல்லாம் அந்தக் கணக்கு. பாலும் இறைச்சியும் இல்லாததைப் பார்வே என்பார்கள். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, எண்ணெயில் சுட்ட தோசை, நெய் ஊற்றாத சாம்பார்சாதம் எல்லாம் பார்வேதான். வீட்டுச் சமையலையே ஏற்காமல், முத்திரையிட்ட கோஷர் பொருள் மட்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடையில் வாங்குவதில் மாட்டிக்கொள்பவை: ஜெலட்டின் போட்ட மிட்டாய், ஈ120 என்று எழுதியிருக்கும் பூச்சிச் சிவப்பு நிறம், பாலைத் திரிக்க விலங்கு ரெனெட் சேர்த்த சீஸ். கே.எல்.பி.டி. முத்திரை இருந்தால் லண்டன் யூத மத நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பொருள் என்று அர்த்தம். வேர்க்கடலைச் சட்னியைத் தடுப்பது கோஷர் அல்ல, ஒவ்வாமை விதி.

பிறந்தநாளுக்கு வீட்டில் செய்த கேக்கும் கேசரியும் வகுப்புக்குள் போகாது. முத்திரையிட்ட பொட்டலங்களாகக் கொடுங்கள். விருந்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். சனிக்கிழமை வைத்தால் வகுப்பில் பலர் வர மாட்டார்கள், அதற்குக் காரணம் உங்கள் மேல் கோபமல்ல. காகிதத் தட்டில் முழுப்பழம் வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை.

உடையில், பையன்களுக்குக் கிப்பா என்ற சின்னத் தொப்பி. யூதரல்லாத பிள்ளைகளும் பிரார்த்தனைக்கும் சாப்பாட்டுக்கும் அணிய வேண்டுமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். கிளிப் இல்லாமல் அது தலையில் நிற்காது. நாலைந்து வாங்கி வையுங்கள், தொலைந்துகொண்டே இருக்கும். விபூதி, கறுப்புக் கயிறு, அரைஞாண், தோடு பற்றிய பள்ளியின் முடிவை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது. காலையில் எபிரேயப் பிரார்த்தனை, வலமிருந்து இடமாக எழுதும் 22 எழுத்து, வெள்ளியன்று ஹல்லா ரொட்டியும் திராட்சைச் சாறும், செதாக்கா என்ற தரும உண்டியலில் போட ஒரு நாணயம். சட்டப்படி மத வகுப்பிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நாள் முழுக்கப் பாட்டும் ஆசியும் ஊடாடும் இடத்தில் விலக்கப்பட்ட பிள்ளை நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். அப்படி விலக்கித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் வேறு பள்ளி பார்ப்பதே மேல். பெரும்பாலான யூதப் பள்ளிகளில் இஸ்ரேல் மீதான பற்று பாடத்திலும் விழாவிலும் வெளிப்படையாகவே இருக்கும். அதில் உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். சேர்த்த பிறகு அதிர்ச்சியடைவதைவிட, முன்னறிமுக நாளில் போய்க் கேட்டுவிடலாம்.

வாசலில் பாதுகாவலர் நிற்பார். பெயர் கொடுக்காத யாரும் பிள்ளையை அழைத்துப்போக முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தாவும் விதிவிலக்கல்ல. புகைப்படத்தோடு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வாசலில் கூடி நின்று அரட்டை வேண்டாம், கேட்டைப் படமெடுத்துப் பகிரவும் வேண்டாம். கதவைப் பூட்டி ஒளிந்திருக்கும் ஒத்திகை நடக்கும் என்பதைச் சின்னப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லி வைத்தால் பயப்படாது. பாதுகாப்புக்கும் யூதக் கல்விக்கும் என்று கேட்கும் பணம் சில பள்ளிகளில் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அது தன்விருப்பக் கொடை. கொடுக்காததால் பிள்ளைக்கு இடத்தையோ பாடத்தையோ மறுக்க முடியாது. முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதாமல் விட்டால்தான் நினைவூட்டல்கள் வரும்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி: அன்று இந்தப் பள்ளி எந்த நிகழ்ச்சியும் வைக்காது. ஞாயிறுதான் மோதும், விளையாட்டும் உலாவும் அன்றைக்கு வரும். தீபாவளிக்கு விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். மதப் பண்டிகை நாளுக்கு வருகைப் பதிவேட்டில் தனிக் குறியீடே இருக்கிறது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு என்பதால் அந்த ஆண்டு கேட்க வேண்டியதில்லை.

2026 செப்டம்பரில் தொடங்கும் எபிரேய 5787-ஆம் ஆண்டு பதின்மூன்று மாதங்கள் கொண்டது. செப்டம்பர் எளிதாகப் போனாலும் அதன் பாரம் ஏப்ரலில் வந்து இறங்கும். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, யூதர்களின் வசந்தப் பண்டிகையான பெசாக் தொடங்குவது ஏப்ரல் 22. ஒரு பிள்ளை யூதப் பள்ளியிலும் இன்னொன்று கவுன்சில் பள்ளியிலும் படித்தால் வசந்த விடுமுறை இரண்டும் வெவ்வேறு வாரங்களில் வர வாய்ப்பு அதிகம். சென்னைக்கோ கொழும்புக்கோ டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு பள்ளிகளின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.