ஸ்ப்ரே கன், கிரீஸ் கன், சிலிகான் கன்: பட்டறைக் கன்களும் அவற்றின் கோளாறுகளும்

ஹார்டுவேர் கடையில் போய் "ஒரு கன் குடுங்க" என்றால் "எந்த கன் அண்ணே?" என்றுதான் கேட்பார்கள். பெயின்ட் அடிக்க ஒன்று, கிரீஸ் ஏற்ற ஒன்று, சிலிகான் பிதுக்க ஒன்று, பசைக்குச்சி உருக்க ஒன்று. டயர் கடையில் "கன்னை எடு" என்றால் நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச். எல்லாவற்றிலும் விரலுக்கு ஒரு டிரிக்கர், முன்னால் ஒரு வாய். கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வாயைத்தான். அப்புறம், டிரிக்கரை விட்ட பிறகும் உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று.

இவற்றில் கைப்பழக்கம் அதிகம் கேட்பது ஸ்ப்ரே கன். தொண்டைக்கு மருந்து தெளிக்க அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் செய்த தெளிப்பான் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1907-இல் அவர் மகன் தாமஸ் அதையே பெயின்ட் அடிக்க மாற்றினார். இப்போது கார் பெயின்ட் பட்டறையிலும் மரவேலையிலும் அதிகம் ஓடுவது, கப் மேலே இருக்கும் கிராவிட்டி கன். கப் பெரும்பாலும் 600 மில்லி. பளபளப்பான மேல்பூச்சு கிளியர் கோட்டுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை), அடிப்பூச்சு பிரைமர் சர்ஃபேஸருக்கு 1.6 முதல் 1.8 வரை. சின்ன நாசிலில் கெட்டி பிரைமரை ஊற்றிவிட்டு, வரவில்லையே என்று காற்றை ஏற்றுவதால் பிரயோஜனமில்லை. தூசிதான் கிளம்பும்.

காற்றைக் கம்ப்ரஸரின் கேஜில் பார்த்து வைப்பது பாதிப் பேர் செய்கிற தப்பு. பத்து மீட்டர் ஹோஸைத் தாண்டி கன்னுக்கு வரும்போது அழுத்தம் இறங்கியிருக்கும். கன்னின் அடியிலேயே ஒரு கேஜ் மாட்டி, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி அளவு வையுங்கள். எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும்) கன்களில், நாசிலைச் சுற்றிக் காற்று விடும் மூடியான ஏர் கேப்பின் முனையில் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அதற்குப் பல மாடல்களில் உள்ளே 2 பார் (சுமார் 29 பி.எஸ்.ஐ.) அளவில் போனால் போதும். சரியான அளவு கன்னின் உடம்பிலேயே பொறித்திருக்கும். ஹோஸின் உள்விட்டம் 6 மி.மீ. என்றால் இந்த வகைக் கன் மூச்சு திணறும், 8 அல்லது 10 வேண்டும்.

காரில் கை வைப்பதற்கு முன் ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள். படியும் தடம் நீள்முட்டை வடிவில், இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வாழைப்பழம் போல வளைந்தால், ஏர் கேப்பின் இரண்டு காதுகளில் ஒன்றின் துளை அடைத்திருக்கிறது. மேலேயோ கீழேயோ கனத்துப் படிந்தால், ஏர் கேப்பை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அடிக்க வேண்டும். கனமும் இடம் மாறினால் கோளாறு கேப்பில். மாறவில்லை என்றால் உள்ளே இருக்கும் நாசிலில். இந்த ஒரு சோதனை பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். நடுவில் மட்டும் கனத்தால் பெயின்ட் கெட்டி, அல்லது காற்று போதவில்லை. இரண்டு முனையிலும் கனத்து நடுவில் மெலிந்தால் விசிறிக் காற்று (தடத்தை அகலமாக்கும் காற்று) அதிகம், அல்லது பெயின்ட் ரொம்பத் தண்ணி. விட்டு விட்டுத் துப்பினால் பெயின்ட் போகும் வழியில் காற்று புகுகிறது: நாசில் லூஸாக இருக்கலாம், நாசிலைத் திறந்து மூடும் நீடிலின் பேக்கிங் காய்ந்திருக்கலாம். கப் மூடியின் சின்னக் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்தாலும் பெயின்ட் இறங்காது.

அடைப்பெடுக்கக் கம்பியோ ஊசியோ போடாதீர்கள். துளையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்தக் கேப் இனிமேல் நேராக அடிக்காது. மென்மையான பிரஷ், கூடினால் ஒரு மரக்குச்சி. கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப்போடுவதும் வேண்டாம். பேக்கிங் கெட்டுவிடும், வெளி அழுக்கு காற்று வழிக்குள் போய்ச் சேரும்.

அடிக்கும்போது 15 முதல் 20 செ.மீ. தூரம், பரப்புக்கு நேர்செங்குத்தாக. மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் ஓரம் மெலிந்து நடு கனக்கும், கை முழுவதும் நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். கிட்டே போனால் வழியும். தள்ளிப் போனால் பெயின்ட் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். நம்மூர் மே மாத மதியத்துக்கு மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர். மழைக்காலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும், அதற்குக் காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் சேர்ப்பார்கள். ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்டில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதற்குத் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் காவலே இல்லை, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும்.

அடுத்து கிரீஸ் கன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் எம்3 துப்பாக்கிக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயரே இதுதான். பார்க்க மெக்கானிக் கையில் இருக்கும் கிரீஸ் கன் மாதிரியே இருந்தது. நிஜக் கிரீஸ் கன்னில் வரும் முதல் புகார்: "புது கிரீஸ் போட்டேன், அடிச்சா வரலை." உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. தலையை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை லீவரை அடித்து, பிறகு இறுக்குங்கள். கன்னின் வாயான கப்ளர், கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளை விட்டு வரவில்லை என்றால் நேராக இழுக்க வேண்டாம். நடுவில் அழுத்தம் நிற்கிறது, பக்கவாட்டில் சாய்த்தால் விட்டுவிடும்.

எவ்வளவு அடிப்பது? பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். மோட்டார்களில் சாதாரணமாகப் பார்க்கும் 6309 பேரிங்குக்கு 100 × 25 × 0.005 = 12.5 கிராம். உங்கள் கன்னில் பத்து அடி அடித்து, வந்ததை எடை போட்டு, பத்தால் வகுத்தால் ஓர் அடிக்கு எவ்வளவு என்று தெரியும். பெரும்பாலும் ஒரு கிராம் பக்கத்தில் இருக்கும். "வெளியே பிதுங்குற வரைக்கும் அடி" என்பது லாரியின் கிங் பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் தண்டு) சரி. மோட்டார் பேரிங்கில் அப்படி அடித்தால் சூடேறி சீல் கிழியும். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடிவிட வாய்ப்பு அதிகம்.

கையால் அடிக்கும் கிரீஸ் கன்னே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். காற்றில்லாமல் பெயின்டையே அழுத்தித் தள்ளும் ஏர்லெஸ் ஸ்ப்ரே கன்னில் 2,000 – 3,000 பி.எஸ்.ஐ. சாதாரணம். கசிவை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒரு பொட்டுதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அப்படி ஆனால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே அறுவைசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தப் பொருள் உள்ளே போனது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சிலிகான் கன்னில் விஷயம் கொஞ்சம்தான். டியூபின் மூக்கை இடைவெளியின் அகலத்துக்கு 45 டிகிரியில் வெட்டுங்கள். உள்சவ்வையும் குத்த மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பின்னால் இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒழுகல் நிற்கும். வினிகர் வாசனை வரும் சிலிகான் கண்ணாடிக்கும் டைலுக்கும் நல்லது, மார்பிளுக்கும் செம்புக்கும் ஆகாது. அங்கே நியூட்ரல் வகை.

பசை கன்னுக்கு 7 மி.மீ., 11 மி.மீ. என இரண்டு அளவுக் குச்சிகள் உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, மற்றது பின்பக்கமாக ஒழுகும்.

வெளியே எதையும் துப்பாத கன்னும் உண்டு: இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அது அளப்பதாக நினைக்கிறோம். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று போட்டிருந்தால் 120 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. வட்டம் முழுவதன் சராசரியைத்தான் காட்டும். பளபளக்கும் செம்புக் குழாயிலும் ஸ்டீல் பாத்திரத்திலும் அளவு குறைத்தே காட்டும். குழாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடேறும் வரை சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் காட்டி அளந்தால் நம்பும்படி வரும்.