நெட் லைஃப் சயின்ஸ் பகுதி சி: நத்தை நியூரானும் செரோட்டோனினும், மார்க் எங்கே போகிறது?

நெட் தேர்வு முடிவு வந்த கையோடு எழுதுகிறேன். நரம்பியலை ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் (நியூரானில் ஓடும் மின்துடிப்பு) கிராஃபோடு மூடி வைப்பவர்களுக்கு இது. சோதனையைக் கொடுத்து முடிவைக் கேட்கும் பகுதி சி கேள்விகளுக்குப் பழக, ஹெலிசோமா நத்தையைப் போல நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1984-இல் ஹேடன், மெக்காப், கேட்டர் மூவரும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட வேலை. வாய்த்தசைகளை இயக்கும் பக்கல் கேங்லியா என்ற நரம்பு முடிச்சுகளிலிருந்து பி19, பி5 என்று பெயரிட்ட நியூரான்களைப் பிரித்தெடுத்து டிஷ்ஷில் வளர்க்கிறார்கள். நியூரைட்டின் (நியூரானிலிருந்து நீளும் இழை) நுனியில் வளர்கூம்பு விரிந்து, விரல் விரலாக ஃபிலோபோடியாவை நீட்டித் துழாவிக்கொண்டே நகரும். நியூரான்கள் சேதி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினைச் சேர்த்ததும் பி19-இன் கூம்பு சுருங்கி நின்றுவிடுகிறது. பி5 எதுவும் நடக்காததுபோல வளர்ந்துகொண்டே போகிறது.

மார்க் போவது இங்கேதான். "செரோட்டோனின் நரம்பு வளர்ச்சியைத் தடுக்கும்" என்று நோட்ஸில் ஒற்றை வரி எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். "எல்லா நியூரான்களிலும்" என்று தொடங்கும் ஆப்ஷனைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும், ஒரு மார்க் மைனஸில் முடியும். எந்த செல் என்று முதலில் கேளுங்கள். மருந்தின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

மனதில் நிற்க வேண்டிய சங்கிலி:

- செரோட்டோனின் பி19-ஐ டீபோலரைஸ் செய்கிறது (சவ்வின் மின்னழுத்த வேறுபாட்டைக் குறைக்கிறது), செல் ஃபயர் ஆகிறது, அதாவது மின்துடிப்பு விடுகிறது.
- மின்னழுத்தம் மாறினால் திறக்கும் வோல்டேஜ் சேனல் வழியாகக் கால்சியம் நுழைகிறது. கூம்புக்குள் அளவு ஏற, நகர்வு நிற்கிறது.
- செரோட்டோனினே இல்லாமல் மின்தூண்டல் மட்டும் கொடுத்தாலும் பி19 நிற்கும்.
- செரோட்டோனினோடு கூடவே அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சேதி கடத்தும் வேதிப்பொருளையும் கொடுத்தால் ஃபயரிங் அடங்கும், தடை விலகும்.

கால்சியம் கூடினால்தான் கெடுதல் என்று முடிவு கட்டாதீர்கள். கேட்டர் குழு சொன்னது ஒரு வரம்பு: அதற்கு மேலே போனாலும் வளர்ச்சி நிற்கும், கீழே இறங்கினாலும் நிற்கும். கிராஃப் கொடுத்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைவைத் தேடுங்கள், நேர்கோட்டை விட்டுவிடுங்கள்.

சோதனை வடிவமைப்புக் கேள்வி என்றால் மூன்றைப் பாருங்கள். செரோட்டோனின் ஆக்சிடைஸ் ஆகக்கூடியது. கரைசலைப் புதிதாகக் கலக்கி வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கூம்பு சுறுசுறுப்பாக நகரும்போதே மருந்தைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே நின்றுபோன கூம்பில் "நிறுத்தியது" என்று எதை அளப்பது? கன்ட்ரோலாக மருந்தில்லாத பி19 மட்டும் போதாது, மருந்து பட்ட பி5-உம் வேண்டும். அது இல்லாவிட்டால் பொதுவான நச்சுத்தன்மைதான் காரணம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

இதோடு அப்லிசியா சோதனையைக் கலந்துவிடாதீர்கள். அப்லிசியா என்பது கடல் முயல், அதாவது கடலில் வாழும் நத்தை இனம். அங்கே உணர்வு நியூரானை அதன் இலக்கு செல்லான எல்7 என்ற மோட்டார் நியூரானோடு சேர்த்து வளர்த்து, திரும்பத் திரும்ப செரோட்டோனின் கொடுத்தால் வேரிகாசிட்டிகள் (இழையில் இணைப்புகள் அமையும் புடைப்புகள்) கூடுகின்றன. இலக்கு செல் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் வராது. அதே மூலக்கூறு, எதிர்த் திசை விளைவு. இரண்டையும் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதி, செல்லின் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.