வெயிலில் ஓடுகிறவனுக்கு எந்தப் போத்தல்?

போன ஞாயிறு கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் பக்கம் ஏ9 வீதியில் சைக்கிள் மிதித்தேன். வழியில் ஒரு கடையில் குளிர்பெட்டிக்குள் பளபளவென்று இருந்த எனர்ஜி டிரிங்க் ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன், அதோடு சரி, அடுத்த அரை மணித்தியாலம் ஏவறையும் நெஞ்சுப் படபடப்பும்தான். பிழை என்னுடையது. எனர்ஜி டிரிங்க் வேறு, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேறு. முதலாவதில் கஃபீனும் எக்கச்சக்கமான சீனியும். இரண்டாவது, 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கேட்டரேட் என்று தொடங்கிய வகை, வியர்வையில் போகிற உப்பையும் கொஞ்சம் சீனியையும் தண்ணீரோடு திருப்பித் தருவது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: 100 மில்லிலீட்டருக்கு 6 கிராம் அளவு சீனியும், கூடவே சோடியமும் இருந்தால் சரி. சீனி கூடினால் வயிற்றில் குலுங்கிக்கொண்டே கிடக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை, தண்ணீர் போதும்.

இளநீர்? எனக்கு உயிர், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. சேட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிற நம்முடைய வெயிலுக்கு அது மட்டும் காணாது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பேன்.

இப்போது போத்தலில் கொண்டுபோவது ஒரு லீட்டர் தண்ணீர், பன்னிரண்டு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். அம்மா பார்த்துவிட்டு, "இதைத்தானேடா நான் கரைச்சுத் தாறனான், அப்ப வேண்டாமெண்டாய்" என்கிறா.