விதைப்புக் காலத்து வாசிப்பு மாதம்

இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்கான ஆயத்தக் கூட்டமொன்றுக்கு எங்கள் பிரதேச சபை நூலகத்தின் வாசகர் வட்டத்தினர் கடந்த வாரம் என்னையும் அழைத்திருந்தார்கள். மாணவருக்கான கட்டுரைப் போட்டி, சிறுவர்களுக்குக் கதை சொல்லல், நூற்கண்காட்சி, பெரியவர்களுக்கான கருத்தரங்கு, நிறைவு நாளில் பரிசளிப்பு என்று நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த வயோதிபர் ஒருவர் எழுந்து, "அந்த நேரம் நாங்க வயலுக்குள்ள நிப்பம். ஆரு மனே வருவாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவருக்குச் சொல்ல எவரிடமும் மறுமொழி இருக்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில் வேளாண்மை என்றால் நெல்தான். பெரும்போக விதைப்பு வடகீழ்ப் பருவமழையை நம்பிப் புரட்டாதி, ஐப்பசியில் தொடங்கும். உழவு, விதைப்பு, வரம்பு கட்டுதல், யானைக்குக் காவல் என்று அந்த நாட்களில் வயதுவந்தோர் வீட்டிலேயே தங்குவது அரிது. கொழும்பில் ஒக்டோபரைத் தெரிந்தெடுத்தவர்களை இதற்காகக் குறைகூற இயலாது. நாடு முழுவதற்கும் ஒரு மாதத்தைக் குறிக்கவேண்டியிருந்தது, குறித்தார்கள். ஆனால் அந்த மாதத்துக்குள்ளேயே ஓராண்டின் நிகழ்ச்சிகள் அனைத்தையும் அடைத்துவிட்டு, நவம்பரில் நூலகத்தின் பக்கம் திரும்பிப் பாராதிருப்பது நாமாகத் தேடிக்கொண்ட வழக்கம்.

எனக்கு இதில் ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குப் போவதென்றால் பாதையில் ஏறவேண்டும். (பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அன்று, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவையை.) உயர்தர வகுப்பில் படித்த காலத்தில் அப்படி ஒருநாள் பாதைக்காகக் காத்திருந்து, அக்கரையில் இருந்த நூலகமொன்றுக்குச் சென்று அங்கத்துவம் கேட்டேன். எனது முகவரி அந்தச் சபையின் எல்லைக்குள் இல்லை என்பதால் புத்தகம் இரவல் தர முடியாதென்றும், விரும்பினால் உசாத்துணைப் பகுதியில் இருந்து வாசிக்கலாம் என்றும் சொன்னார்கள். கடைசிப் பாதை புறப்படும் நேரத்தை எண்ணிக்கொண்டு ஒருவன் எவ்வளவு பக்கங்களை வாசித்துவிட முடியும்?

அன்று கோபப்பட்ட எனக்கு, அந்த விதியின் காரணம் பின்னரே விளங்கியது. நமது பொது நூலகங்களை நடத்துபவை மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளுமே. அவற்றின் எல்லைக்குள் வசிப்பவர்களின் வரிப்பணமும் புத்தகக் கொள்வனவுக்குப் போகிறது. விண்ணப்பத்தில் பிணையாளர் ஒருவரின் கையொப்பத்தைக் கேட்பதும், வசிப்பிடத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டுமென்பதும், புத்தகம் திரும்பி வராவிட்டால் எவரிடம் போய்க் கேட்பது என்ற நியாயமான அச்சத்தினால்தான். ஆயினும், வாடகை வீட்டில் இருப்பவருக்கும், ஊருக்குப் புதிதாகத் திருமணமாகி வந்த பெண்ணுக்கும், அந்த ஒரு கையொப்பமே நூலகத்தின் வாசலில் போடப்பட்ட படலையாகிவிடுகிறது.

நூலகத்துக்கு வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைச் சில மாதங்களாகக் கவனித்து வருகிறேன். காலையில் பத்திரிகை வாசிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். அரச வேலைகளுக்கான அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாவதால், அதை ஒட்டிய நாட்களில் வேலை தேடும் இளைஞர்கள் கூடுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று நூலகரைக் கேட்கிறார்கள், அவரும் தமது பணிப்பட்டியலில் இல்லாத அந்த வேலையை முகஞ்சுளிக்காமல் செய்கிறார். பரீட்சை நெருங்கும்போது கடந்தகால வினாத்தாள்களுக்காகவும், மின்விசிறிக்குக் கீழே அமைதியான ஒரு கதிரைக்காகவும் மாணவர்கள் வருகிறார்கள். பெண்கள் வருவது சிறுவர் பகுதிக்கு மட்டுமே. பிள்ளையைக் கூட்டிவந்த தாய், பிள்ளை படம் பார்த்து முடிக்கும்வரை வெளி விறாந்தையில் நிற்கிறாள். உள்ளே பத்திரிகை மேசையைச் சுற்றி ஆண்கள் இருப்பதால் அவள் வருவதில்லை. கதை சொல்லும் நேரத்தில் தாய்மாருக்கும் சேர்த்து ஒரு பாயை விரித்துவிட்டால் இந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும் என்பது எனது எண்ணம். இதற்குச் செலவென்று ஒன்றும் இல்லை.

கண்காட்சியைப் பற்றியும் ஒன்று சொன்னேன். புதிய புத்தகங்களைத் துணி விரித்து அடுக்குவதைவிட, ஊரவர் தத்தம் வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்வோம் என்றேன். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் கடற்கோளும் இந்த மாவட்டத்தில் எவ்வளவோ வீடுகளைக் குலைத்தன. வீட்டோடு பெட்டகத்தில் இருந்த கடதாசியும் போயிற்று. எஞ்சியிருக்கும் கூத்துக் கொப்பிகள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்களின் கையெழுத்துப் பிரதிகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றை ஒருநாள் வாங்கி, படியெடுத்து, அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம். ஈழத்து எழுத்துக்களை மின்வடிவில் சேர்த்து எவரும் இலவசமாக வாசிக்கத் தரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி 2005 முதல் நடந்து வருகிறது என்பதை எடுத்துச் சொன்னபோது, இளைஞர் இருவர் கைபேசியிலேயே படியெடுத்துத் தர முன்வந்தார்கள். அந்தக் கொப்பிகளில் சில, உலகில் வேறெங்கும் இன்னொரு பிரதி இல்லாதவை.

கூட்டத்தில் பேசாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளும், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனும் 1892 ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற 1931 ஆம் ஆண்டிலேயே ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றுள் முதலாவது. அடிகளாரின் படத்துக்கு மாலை போடாத நிகழ்ச்சி எங்கள் பக்கத்தில் இல்லை. ரங்கநாதனின் அந்த முதல் விதியை இரவல் பகுதியில் எழுதி ஒட்டினால் அடிகளாரும் மறுக்கமாட்டார்.

ஈற்றில், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை ஒக்டோபரிலேயே நடத்துவதென்றும், பெரியவர்களுக்கானவற்றை அறுவடை முடிந்த பின்னர் பங்குனியில் வைப்பதென்றும் முடிவாயிற்று. வாய்க்காலுக்கு அப்பால் உள்ள இரண்டு கிராமங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை முச்சக்கர வண்டியில் புத்தகப் பெட்டியொன்றை அனுப்பவும், பிணையாளர் கிடைக்காதவர்களுக்கு வாசகர் வட்டத்தினர் கையொப்பமிடவும் சபையின் அனுமதியைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர் அந்த வயோதிபரிடம், உங்களுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். மாட்டு வைத்தியம் பற்றியது, எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும் என்றார். அவருக்கு இதுவரை அங்கத்துவம் இல்லை. பிணையாளர் என்ற இடத்தில் எனது கையொப்பத்தை இட்டுக் கொடுத்தேன்; கிராம உத்தியோகத்தரைச் சந்திக்கும் நாளுக்காகப் படிவம் அவருடைய சட்டைப்பையில் மடித்தபடி இருக்கிறது.