கல்லடியில் பழைய வீட்டைத் திருத்தினோம்: செலவுக் கணக்கைத் தொடங்கிய விதம்

மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், என் அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்துப் பின்னர் எனக்கு வந்த வீட்டைத் திருத்துவதென்று சென்ற ஆண்டு தீர்மானித்தோம். அம்மா அகலமான குசினி கேட்டார், பிள்ளைகள் தனியறை கேட்டார்கள், எனக்கோ கூடத்திற்கு டைல்ஸ் பதிக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசை. ஆனால் சேமிப்பும் எடுக்கக்கூடிய கடனும் சேர்ந்த தொகைக்கு ஓர் எல்லை இருந்தபடியால், ஆசைகளுக்கு விலை கேட்பதற்கு முன்னர் வீட்டின் நிலையை ஒரு கொப்பியில் எழுதி முடிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன்.

அந்தப் பார்வையை மார்கழி மழை பெய்துகொண்டிருந்த நாட்களிலேயே செய்தோம். எந்த ஓட்டிடுக்கில் நீர் இறங்குகிறது, எந்த மூலையில் சுவர் நனைகிறது, முற்றத்து வெள்ளம் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பவற்றை மழை காட்டித் தருவதுபோல் எந்த மேசனாலும் வெயில் காலத்தில் காட்டித் தர முடியாது. மழை விட்டதும் அயலிலுள்ள வயதான ஓடாவியார் (தச்சர்) ஒருவர் கூரைக்குள் ஏறி, கூரையைத் தாங்கும் சாய்மரங்களான கைமரங்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சந்தேகமான இடங்களில் திருப்புளியின் முனையை அழுத்தினார். நல்ல மரத்தில் அது ஏறவேயில்லை; சுவரோடு சேர்ந்த இரண்டு கைமரங்களில் மட்டும் கறையான் தின்ற தூள் கொட்டியது. “ஓடு போனா மாத்தலாம் மனே, மரம் போனா கூரையே போயிரும்” என்றார். கூரை முழுவதையும் கழற்றிச் சீற் போடலாம் என்றிருந்த வீட்டாரின் எண்ணம் அன்றைக்கே மாறியது. பழுதான மரங்களையும், அவற்றின் மேல் ஓடு அடுக்கும் சிலாகைகளையும் மாற்றி, நல்ல ஓடுகளைத் திரும்பவும் அடுக்குவதென்று எழுதிக்கொண்டோம்.

அடுத்தது உவர். எங்கள் பகுதியில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நிலத்து ஈரம் அத்திவாரத்தின் வழியே சுவரில் ஏறும்போது அதில் கரைந்துள்ள உப்பும் ஏறுகிறது. நீர் ஆவியானதும் அந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. எங்கள் கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரம் வரை வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தடவினாலே வர்ணம் செதிலாக உதிர்ந்தது. இதன் மேல் விலை கூடிய வர்ணம் பூசுவது பணத்தை வீணாக்கும் வேலை என்பதே என் கருத்து. ஈரம் தெரியும் எல்லைக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி, சுவரை நன்றாக உலரவிட்டு, உப்பில்லாத ஆற்று மணலால் பூசுவதெனத் திட்டமிட்டோம். எங்கள் கிணறு கோடையில் உவர்ப்பதால், கலவைக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரையே பயன்படுத்தச் சொல்லியிருந்தேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு வேலைகளின் ஒழுங்கு தானாகவே அமைந்தது: கூரை, தண்ணீர் வடிதல், வயரிங், பூச்சு, கடைசியாகத் தரையும் வர்ணமும்.

விலை கேட்பதற்கு முன்னர் அளவுகளை நாங்களே எடுத்தோம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அறையின் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. ஒரு கதவையும் இரண்டு யன்னல்களையும் கழித்தால் 387 சதுர அடி. அரை அங்குலக் கனத்தில், ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் பூசினால், சேதாரத்தையும் சேர்த்து மூன்று, நான்கு பை சீமெந்தும், 100 கன அடி கொண்ட ஒரு கியூப் மணலில் ஐந்திலொரு பங்கும் போதும். கொப்பியில் அளவுக்கு ஒரு நிரலும் விலைக்கு வேறொரு நிரலும் வைத்தோம். 2021 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1000 ரூபாயாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் 3000 ரூபாயை எட்டியதைப் பார்த்தவர்கள் நாம். விலை மாறினாலும் அளவு மாறாது என்பதால், புதிய விலையை எழுதியவுடன் புதிய கணக்குக் கிடைத்துவிடும்.

இரண்டு மேசன்மாரிடம் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் விலை கேட்டோம். குறைவாகக் கேட்டவரின் விலையில் சாரம் கட்டுவதும், இடிபாடு அகற்றுவதும், பூச்சுக்குத் தண்ணீர் விடும் கூலியும் சேரவில்லை. அவற்றைச் சேர்த்ததும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பொருட்களை நாங்கள் வாங்கிக் கொடுப்பதென்றும், சிறிய முற்பணத்தின் பின்னர் ஒவ்வொரு பகுதியும் முடிய முடியக் கூலியைக் கொடுப்பதென்றும் பேசி எழுதிக்கொண்டோம்.

குசினியை நீட்டுவதற்கு மட்டும் படம் வரைந்து மாநகர சபையின் அனுமதி பெற வேண்டியிருந்தது. கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் காணி உள்ளவர்கள், கரையோரம் பேணல் திணைக்களத்திலும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. அந்த அனுமதி வரும்வரை காத்திராமல், அறுவடை முடிந்து ஆட்கள் கிடைக்கத் தொடங்கிய பங்குனியில் கூரை வேலையை ஆரம்பித்தோம். பூச்சு வேலை கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது; அந்த வரண்ட காற்றில் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும் என்பதால், ஒரு கிழமைக்கு மேல் காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம்.

மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கை ஒன்றுக்கும் ஒதுக்காமல் வைத்திருந்தோம். கூரையைத் திறந்தபோது பழைய வயர்களின் உறை நொறுங்குவதையும் புவித்தொடுப்பு (எர்த்) இல்லாததையும் மின்வேலை செய்பவர் காட்டினார். அந்த ஒதுக்கீடு புதிய வயரிங்கிற்கும், மின் ஒழுகினால் தானாகவே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் போனது. ஐப்பசி மழைக்கு முன்னர் கூரையும் சுவரும் குசினியும் முடிந்துவிட்டன. கூடத்து டைல்ஸை வரும் பங்குனிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். சுவரின் அடிப்பகுதி ஒரு மாரியைக் கடந்து உவர் பூக்காமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அதற்கு விலை கேட்பதாக இருக்கிறோம்.