ஐந்தாவது மறையுண்மை

என் மகனுக்கு 17 வயது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பலிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். "நான் வரலப்பா, இனிமேலும் வரமாட்டேன்" என்றான். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட ஆறியிருப்பேன். ரொம்ப நாள் யோசித்து முடிவெடுத்தவன் மாதிரி அமைதியாகச் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தினேன். சொல்லக்கூடாத சில வார்த்தைகளையும் சொன்னேன். அப்புறம் கோவிலில் போய் உட்கார்ந்தும் வாசகம் எதுவும் காதில் ஏறவில்லை.

மறுநாள் திங்கள். இரவு நானும் என் மனைவியும் செபமாலை சொல்ல உட்கார்ந்தோம். செபமாலையில் பத்துப் பத்து மணியாகச் செபிக்கும்போது, ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மரியா வாழ்விலிருந்து ஒரு நிகழ்வைத் தியானிப்போம், அதைத்தான் மறையுண்மை என்கிறோம். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மைகள் ஐந்தையும் தியானிக்கும் நாட்கள். ஐந்தாவது வந்தது: காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. அன்றைக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

லூக்கா நற்செய்தி 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பையனுக்கு 12 வயது. எருசலேமில் பாஸ்கா விழா முடிந்து பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள். கூட்டத்தோடு வந்துகொண்டிருப்பான் என்று நினைத்து ஒரு நாள் பயணம் வந்துவிட்டார்கள். உறவினர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தேடுகிறார்கள், இல்லை. திரும்பவும் எருசலேமுக்கே போகிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகு கிடைக்கிறான். நாம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மணியை உருட்டுகிறோம், ஆனால் அந்த நாட்களின் இரவுகளில் அந்தத் தாய் எங்கே படுத்திருப்பார், கணவர் சூசையப்பரிடம் என்ன பேசியிருப்பார், "நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லியிருப்பார்களா என்றெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

மகனைக் கண்டதும் மரியா கேட்கிற கேள்வி, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய், உன் தந்தையும் நானும் கவலையோடு தேடினோமே என்பது. எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான். கிடைத்த பதிலோ, ஏன் என்னைத் தேடினீர்கள், நான் என் தந்தையின் அலுவலில் இருக்க வேண்டும் என்று தெரியாதா என்பது. அடுத்த வசனத்தை லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார்: அவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை.

புரியவில்லை! வானதூதர் வந்து பேசிய பெண், உறவினர் எலிசபெத்தின் வீட்டில் நின்று அவ்வளவு பெரிய பாடலைப் பாடிய பெண், அவருக்கே தன் பிள்ளை சொன்னது புரியவில்லை. புரியாததை அவர் உள்ளத்தில் வைத்துக்கொண்டார் என்று அதன்பின் வருகிறது. நான் முந்தின நாள் செய்ததற்கு நேர் எதிரானது அது.

அதோடு முடியவும் இல்லை. மாற்கு 3ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வீட்டுக்குள் போதித்துக்கொண்டிருக்கிறார், தாயும் சகோதரர்களும் வெளியே நின்றுகொண்டு ஆளனுப்பி அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் எழுந்து வந்ததாக எழுதப்படவில்லை. யார் என் தாய் என்று கேட்கிறார். வாசலுக்கு வெளியே நின்ற மரியாவின் காதில் அந்தக் கேள்வி விழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஆனால் யோவான் எழுதியதைப் பார்த்தால், சிலுவையடியில் மரியா நிற்கிறார். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் சீடர்களோடு சேர்ந்து செபிக்கிறார். அந்த வீட்டு வாசலிலிருந்து அவர் திரும்பிப் போய்விடவில்லை. எனக்கு மாதா பக்தி என்றால் இப்போது இதுதான். முடி சூட்டிய சுரூபத்தின் முன்னால் நிற்கும்போதும் அந்த வாசலில் நின்ற பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

சில வாரம் கழித்து மகனே வந்து கேட்டான். "நேராகக் கடவுளிடமே பேச வேண்டியதுதானே அப்பா, எதற்கு 53 தடவை மாதாவைக் கூப்பிடுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. கத்தாமல் பதில் சொல்ல முயன்றேன். அந்த 53 தடவையும் சொல்கிற அருள் நிறைந்த மரியே செபத்தின் முதல் பாதி நற்செய்தியில் இருப்பது, வானதூதரின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும். அது போய்ச் சேருவது இயேசு என்ற பெயரில். இரண்டாம் பாதி பிற்காலத்தில் சேர்ந்தது, 1568இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட, குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச் செப நூலில் இன்றைய வடிவத்தில் நிலைபெற்றது. அதில் நாம் மாதாவிடம் கேட்பது ஒன்றே ஒன்று, "வேண்டிக்கொள்ளும்". தாரும் என்று இல்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான் என்பதில் திருச்சபை எப்போதும் உறுதியாக இருந்திருக்கிறது. 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் மரியாவை இறைவனின் தாய் என்று அழைத்ததும் இயேசு யார் என்ற சண்டையைத் தீர்க்கத்தான்.

உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பற்றியும் சொன்னேன், அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மரியாவைப் பற்றித் தனி ஏடு எழுதுவதா, திருச்சபை பற்றிய ஏட்டுக்குள்ளேயே வைப்பதா என்று 1963 அக்டோபரில் ஆயர்கள் வாக்களித்தார்கள். 1114க்கு 1074. வெறும் 40 வாக்கு வித்தியாசத்தில் அவர் திருச்சபைக்குள்ளேயே, நம்மில் ஒருவராக, அந்த ஏட்டின் கடைசி அதிகாரமாக வந்தார். சரியான இடம் என்று நான் நினைக்கிறேன்.

மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரிப்பா" என்று எழுந்து போய்விட்டான். அவ்வளவுதான்.

அவன் கேள்வி என்னை விடவில்லை, ஏனென்றால் அந்தச் சில வாரமும் நான் செய்துகொண்டிருந்தது பேரம். இத்தனை நாள் தொடர்ந்து சொன்னால் அவன் வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். இந்தச் செபத்தை இத்தனை பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இலேயே எழுதிவிட்டார். மாதா தோன்றியதாகச் சொல்லும் லூர்து, பாத்திமா காட்சிகளைக்கூட நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நற்செய்தியில் இருக்கும் மரியாவை விட்டுவிட்டு அற்புதங்களை மட்டும் துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, நானும் அப்படி இருந்தவன் என்பதால் இன்னும் அதிகமாக.

இப்போது வேகம் குறைந்திருக்கிறது. ரொம்பக் களைப்பான நாளில் ஐந்தையும் ஓட்டிவிடுவதில்லை, ஒரே ஒரு மறையுண்மையை எடுத்துக்கொண்டு அதற்கான பத்து மணிகளை மட்டும் சொல்கிறோம். மனம் அலையும். அலுவலகம், கடன், மறுநாள் வேலை எல்லாம் நடுவில் வரும். விரலில் அடுத்த மணி தட்டுப்படும்போது திரும்பி வருவேன். மணிகள் இருப்பதே அதற்காக என்று எனக்குத் தோன்றுகிறது.

அவன் இன்னும் கோவிலுக்கு வரவில்லை. ஞாயிறு காலை "போயிட்டு வர்றோம்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம், அவன் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். திங்கள் இரவும் சனி இரவும் ஐந்தாவது மறையுண்மை வரும்போது அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பத்து மணிகளை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறோம்.