அத்தையின் முதுகு

ஞாயிறன்று கடலூரில் அத்தை இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மாதம் கழித்து; அந்தக் குற்றம் என்னுடையது. “முதுகு எரிகிறதடா” என்றார். திருப்பிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், சீழ் வைத்துச் சேலையோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் இந்த அளவுக்கு முற்றியிருக்குமா?

“வயதானால் இப்படித்தான் சார்” என்றார் மேலாளர். மாதம் 18,000 ரூபாய் வாங்கும்போது வயது தெரியவில்லையாக்கும்!

காசு வாங்கிக்கொண்டு செய்வது சேவை. அதில் குறை வைத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. அலட்சியத்தால் உயிரே போனால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. ஆனால் சாட்சி வேண்டுமே. புண்ணைத் தேதியோடு படமெடுத்தேன். நர்ஸ் நோட்டையும் கேட்டு வாங்கிப் படமெடுத்தேன். மூன்று வாரமாக ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சொல்: “நலம்”.

அத்தையை அரசு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. புகாரை இன்றிரவு எழுதி முடித்துவிடுவேன்.